பக்கத்து நாட்டோடு மின்சாரமும் தண்ணீரும் ரயிலும் பகிர்வது உண்மையில் எங்கே நடக்கிறது?

நகர்வாசி எழுதியது:

வணக்கம். நகரத் திட்டமிடல் பாடம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் நாடுகள் சேர்ந்து அமைக்கும் மின்தடம், குழாய், ரயில் பாதை பற்றி ஆறு வகுப்புகள் எடுக்கவேண்டும். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் கூட்டறிக்கைகள்தாம் குவிகின்றன. அவற்றில் எதை நம்பி மாணவர்கள் முன் வைப்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

தெற்காசியாவையே பாருங்கள். 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த சார்க் உச்சிமாநாட்டில் மின்சார ஒத்துழைப்புக்கென்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே காத்மாண்டுவில் 2024 அக்டோபர் 3 அன்று நேபாளமும் இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்து இன்னொன்றில் கையெழுத்திட்டன. நடுவில் பத்து ஆண்டுகள் போய்விட்டன. கிடைத்தது 40 மெகாவாட். அதுவும் ஆண்டு முழுதும் இல்லை. ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. ஒரு பழைய அனல்மின் நிலையத்தின் ஒற்றை அலகே 210 மெகாவாட் தருகிறது.

நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையே சிலிகுரி பக்கம் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் இந்திய நிலம்தான் இருக்கிறது. அதைத் தாண்ட இவ்வளவு காலம் ஏன்? தடை பணமா, தொழில்நுட்பமா, மனமா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

அம்மா, லோடு டெஸ்பாட்ச் மையத்தில், அதாவது உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன்செய்யும் இடத்தில், முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த 40 மெகாவாட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட மூன்றில் தொழில்நுட்பத்தை முதலில் கழித்துவிடலாம். மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமராவுக்கு 2013 அக்டோபரிலேயே 500 மெகாவாட் இணைப்பு வந்துவிட்டது. 2018இல் அது இரட்டிப்பானது. நேபாளப் பக்கம் தல்கேபரிலிருந்து பீகாரின் முசாபர்பூர் வரை 400 கிலோவோல்ட் தடம் இருக்கிறது. ஆக, இரண்டு கம்பிகளும் எல்லையில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றில் ஏறியதை மற்றொன்றில் இறக்கலாம் என்று சொல்லும் விதிதான் இல்லை. இந்தியா 2016இல் வெளியிட்ட நெறிமுறை இரண்டு நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மூன்றாம் நாட்டுக்கு இந்தியத் தடம் வழியாக மின்சாரம் போகலாம் என்பது 2018இல் வந்த புதிய நெறிமுறையில்தான் தெளிவானது. அதற்குப் பிறகும் விலை, தடக் கட்டணம், வழியில் ஏற்படும் இழப்பை யார் தாங்குவது என்று பேசி முடிக்க ஆறு ஆண்டுகள்.

பருவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நேபாளத்தின் நீர்மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பெரிய தேக்கம் கிடையாது. ஆற்றில் வருவதை அப்படியே சுழலியில் விடுபவை. மழைக்காலத்தில் தண்ணீர் பெருகும்போது வாங்க ஆளில்லை என்றால் மின்சாரமாகாமலே கடலுக்குப் போகும். அந்த மாதங்களில் வங்கதேசம் புழுக்கத்தில் எரிவாயுவையும் எண்ணெயையும் எரித்துக்கொண்டிருக்கும். பனிக்காலத்தில் நிலைமை தலைகீழ். ஆறு சுருங்கிவிடும், நேபாளமே இந்தியாவிடம் வாங்கும். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வறண்ட மாதங்களில் நாளுக்குப் பதினாறு மணி நேரம்கூட மின்வெட்டு இருந்த நாடு அது. இன்று ஐந்து மாதம் விற்கிறது என்றால் அதை நான் பெரிய செய்தியாகத்தான் பார்க்கிறேன்.

புதுப்பொறியாளன் எழுதியது:

ஐயா, ஓர் அடிப்படைச் சந்தேகம். நேபாளத்தில் பிறந்த மின்சாரம்தான் வங்கதேசத்துக்குப் போகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? நடுவில் நிலையங்களும் கம்பிகளும் ஒன்றாகப் பிணைந்த இந்தியாவின் இவ்வளவு பெரிய மின்தொகுப்பு இருக்கிறதே, அதில் கலந்துவிடாதா?

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

கலந்துதான் போகும், தம்பி. ஒரு பெரிய ஏரியை நினைத்துக்கொள். இந்தக் கரையில் ஒரு வாய்க்கால் நாற்பது குடம் கொண்டுவந்து ஊற்றுகிறது. அதே நொடியில் அந்தக் கரையிலுள்ள மடை நாற்பது குடத்தை வெளியே விடுகிறது. ஊற்றிய தண்ணீரும் வெளியேறிய தண்ணீரும் ஒன்றா என்று யாரும் கேட்பதில்லை. ஏரியின் மட்டம் மாறாமல் இருந்தால் கணக்கு சரி. முசாபர்பூரில் ஒரு மீட்டர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டர், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு. விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட் என்று பேசியிருக்கிறார்கள்.

நேபாளமும் பூடானும் இந்தியத் தொகுப்போடு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. மூன்று நாடுகளிலும் எல்லா ஜெனரேட்டர்களும் நொடிக்கு ஐம்பது சுற்றலைவு, அதாவது ஐம்பது ஹெர்ட்ஸ், என்று கைகோத்து ஓடுகின்றன. வங்கதேசம் அப்படி இல்லை. பேராமராவில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, மறுபடியும் மாறுமின்னோட்டமாக்கி அந்தப் பக்கம் விடுகிறார்கள். ஒரு பக்கத்துத் தள்ளாட்டம் மறு பக்கத்தைத் தொடாது. இதை மனத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

பத்திரக்கட்டு எழுதியது:

மின்கொள்முதல் ஒப்பந்தங்களை எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். நகர்வாசி அம்மாவுக்கு ஒரு பரிந்துரை: வகுப்பில் தென் அமெரிக்காவின் இதாய்ப்பு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் திட்டம் எனக்குத் தெரியாது.

பிரேசிலும் பராகுவேயும் 1973இல் கையெழுத்திட்டன. பரானா ஆற்றின் குறுக்கே அணை, 14,000 மெகாவாட், ஆளுக்குப் பாதி. மின்சாரம் வரத் தொடங்கியது 1984இல். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் பராகுவே சின்ன நாடு. தன் பாதியை அதனால் பயன்படுத்தி முடிக்கவே முடியாது. மிச்சத்தை வேறு யாருக்கும் விற்கக்கூடாது, பிரேசிலுக்கு மட்டுமே தரவேண்டும், அதுவும் சந்தை விலைக்கு இல்லாமல் ஒப்பந்தம் குறித்த இழப்பீட்டுக்கு என்பது விதி. 2009இல் பராகுவே மன்றாடி வாதாடி அந்த இழப்பீட்டை ஆண்டுக்கு 12 கோடி டாலரிலிருந்து 36 கோடி டாலராக உயர்த்தியது. மூன்று மடங்கு உயர்த்த இடம் இருந்தது என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அணைக்காக வாங்கிய கடன் 2023இல் அடைந்தது. விலை விதிகளைத் திருத்தலாம் என்று ஒப்பந்தமே ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்துவைத்த கதவும் அதே ஆண்டில்தான் திறந்தது. ஒரு தலைமுறை கையெழுத்திட்டதைத் திருத்த அடுத்த தலைமுறைதான் பேச முடிந்தது.

இன்னொரு சிறிய விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிரேசிலில் 60 ஹெர்ட்ஸ், பராகுவேயில் 50 ஹெர்ட்ஸ். உங்கள் நாட்டு மின்தொகுப்பையே 60க்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்ற யோசனைக்குப் பராகுவே இணங்கவில்லை. அதனால் இருபது அலகுகளில் பத்து 50 ஹெர்ட்ஸுக்கும் பத்து 60 ஹெர்ட்ஸுக்கும் செய்யப்பட்டன. பராகுவே பயன்படுத்தாத 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி சாவோ பாவ்லோ பக்கம் கொண்டுபோக பிரேசில் தனியே ஒரு பெருந்தடம் கட்டவேண்டியிருந்தது. சின்ன நாடு தன் சொல்லில் நின்ற ஒரே இடம் அந்த அணையின் இரும்புக்குள் இன்றும் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஆற்றோரம் எழுதியது:

பத்திரக்கட்டு சொன்ன பங்கீட்டில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் எங்கே? இதாய்ப்பு நீர்த்தேக்கம் நிரம்பியபோது உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்றான குவாய்ரா மூழ்கியது. அது யாருடைய கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை.

நான் மறுகுடியமர்வுப் பணியில் இருக்கிறேன். "தூய ஆற்றல்", "நாடுகளிடையே இணைப்பு" என்ற சொற்களைக் கேட்டாலே எனக்கு லாவோஸ் நினைவுக்கு வருகிறது. 2018 ஜூலை 23 இரவு, அட்டப்பூ மாகாணத்தில் செ பியன் – செ நம்னோய் நீர்மின் திட்டத்தின் துணை அணை ஒன்று உடைந்தது. கீழே இருந்த ஊர்கள் மேல் வெள்ளம் இறங்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். தண்ணீர் கம்போடியாவுக்குள்ளும் போனது. அந்தத் திட்டத்தின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாய்லாந்துக்கு விற்பதற்கானது. இதைக் கைம்மீறிய இயற்கைப் பேரிடராகக் கொள்ள முடியாது என்று சுயாதீன நிபுணர் குழு 2019இல் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் நிலையம் மின்சாரம் விற்கத் தொடங்கிவிட்டது. வீடிழந்தவர்களில் பலர் அப்போதும் தற்காலிகக் கொட்டகையில்தான் இருந்தார்கள்.

விளக்கு எரிந்தது ஒரு நாட்டில், ஊர் போனது வேறொரு நாட்டில். மின்சாரம் வாங்கியவர் கட்டணப் பட்டியலில் இந்த ஊர்களின் பெயர் வராது. மேற்கொண்டு பேசுவதற்கு முன் இது மேசையில் இருக்கவேண்டும்.

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

ஆற்றோரம் அம்மா சொன்னதற்கு மறுப்பில்லை. நான் பார்த்தது கம்பியின் ஒரு முனையைத்தான்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பக்கத்திலிருந்து வாங்க வழியில்லாத நாடு சும்மா இருப்பதில்லை. தன் எல்லைக்குள்ளேயே இன்னோர் அணையோ நிலக்கரி நிலையமோ கட்டும். உச்சத் தேவை ஆண்டில் சில நூறு மணி நேரம்தான் இருக்கும், அதற்காகவே ஒரு நிலையம் நிற்கும். பகிர்ந்துகொண்டால் அந்த நிலையங்களில் சில தேவைப்படாமலே போகும். கட்டாமல் விட்ட அணையும் மக்களுக்குச் செய்த நன்மைதான்.

தீவுக்குரல் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஐயா, எங்களுக்கு இது பாடப்புத்தக விடயம் இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே தொடக்கம். உலகமே அதை வேடிக்கைச் செய்தியாக வாசித்தது. எங்களுக்கோ அன்று சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஜெனரேட்டர் எழும்புமா என்ற கவலை. குரங்கு ஒரு பொறிதான். ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் பெருகி வந்தது. கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. ஓர் அடி விழுந்ததும் தாங்கிப்பிடிக்கப் போதிய எடை தொகுப்பில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் கூரைச் சூரிய மின்கலங்களை நிறுத்திவையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. கடன் வாங்கிக் கூரையில் பொருத்தியவர்களிடம், வெயில் காயும் நாளில், நிறுத்துங்கள் என்று!

மிஞ்சுவதை விற்க ஒரு கம்பி இருந்தால் இது நேராது என்பது எனக்குத் தெரியும். மதுரை – அனுராதபுரம் இணைப்பு பற்றி நெடுங்காலமாகப் பேச்சு. 2025 ஏப்ரலில் கொழும்பில் அதற்கொரு புரிந்துணர்வு உடன்படிக்கையும் கையெழுத்தானது. ஆனாலும் ஓர் அச்சம் இருக்கிறது. அவ்வளவு பெரிய தொகுப்போடு கட்டிக்கொண்டால் சுவிட்ச் யார் கையில்? மன்னாரில் காற்றாலைகள் பெருகினால் அதன் பயன் யாருக்கு? வலசைப் பறவைகள் வந்திறங்கும் தரை அது. ஊர்மக்கள் ஏற்கெனவே வீதியில் இறங்கிக் கேட்கிறார்கள்.

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

சுவிட்ச் பற்றிய கேள்விக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும். உங்களுக்குப் பேசப்படுவது நேர்மின் இணைப்பு. அதில் எத்தனை மெகாவாட், எந்தத் திசையில் என்பதை இரு முனையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கலாம். தாழ்ப்பாள் உள்ள கதவு மாதிரி. இந்தப் பக்கத் தொகுப்பு சரிந்தால் உங்களுடையதை இழுத்துக்கொண்டு போகாது. வந்துகொண்டிருந்த மெகாவாட் நிற்கும், அவ்வளவுதான். அதைத் தாங்க முன்கூட்டியே ஏற்பாடு இருக்கவேண்டும்.

அச்சம் நியாயமானதே. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டு முப்பது ஆண்டுக்கு மேலாகியும் மாஸ்கோவிலிருந்து சீர்செய்யப்படும் அதிர்வெண்ணில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2025 பெப்ரவரி 8 அன்று பிரிந்தன. ஒருநாள் தனித்தீவாக ஓடிப் பார்த்துவிட்டு, 9ஆம் தேதி போலந்து வழியாக ஐரோப்பியத் தொகுப்போடு சேர்ந்தன. அந்த ஒருநாளுக்காக ஆண்டுக்கணக்கில் தயாரித்தார்கள். மின்சாரமே உற்பத்தி செய்யாமல், சுழலும் எடையைத் தருவதற்காக மட்டும் பெரிய இயந்திரங்களை நிறுவினார்கள். தீவுக்குரல், உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இல்லாமற்போன எடை அதுதான். நான் அதில் கவனித்தது, ஓர் அண்டை வீட்டாரை விட்டு விலகுவதற்கும் அவர்களுக்கு இன்னோர் அண்டை வீட்டார் தேவைப்பட்டார் என்பது. ஒரே கதவு இருந்தால்தான் பயம். இரண்டு இருந்தால் பேரம் பேசலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் மொத்தமாக இருண்டன. அவ்விரண்டையும் மற்ற ஐரோப்பாவோடு இணைக்கும் தடங்கள் மிகக் குறைவு என்பது பழைய குறை. ஆனால் அன்று மாலை விளக்கு திரும்பியதில் பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. செத்துப்போன தொகுப்பை உயிர்ப்பிக்க முதல் நெருப்பு வெளியிலிருந்து வந்தால் வேலை எளிது.

தீவுக்குரல் எழுதியது:

நன்றி ஐயா. ஆனாலும் என் மனத்தில் இருக்கும் கேள்வியை நேராகவே கேட்கிறேன். இரு பக்கமும் பற்றாக்குறை வந்த ஒரு மாலையில் யாருடைய ஊர் முதலில் இருளும்?

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

இதற்குப் பதில் எழுத ஒருநாள் எடுத்துக்கொண்டேன்.

2012 ஜூலை 30 அதிகாலையில் வட இந்தியத் தொகுப்பு விழுந்தது. மறுநாள் பகல் ஒரு மணி அளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடி மக்கள் என்று கணக்குச் சொன்னார்கள். தெற்கு அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் இல்லை. நேர்மின் இணைப்புகள் மட்டுமே இருந்தன. அதனால் பிழைத்தது. நான் அன்று பகல் முறையில் இருந்தேன்.

எங்கள் முன்னால் சுவரில் சிவப்பு எழுத்தில் அதிர்வெண் ஓடும். 50.0 அருகே இருக்கும்வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்று கிழக்கே ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு நேர்மின் தடத்தில் வந்துகொண்டிருந்த மின்சாரம் சரிந்ததும் அந்த எண் இறங்கத் தொடங்கியது. 49.8. 49.5. அறையில் இருந்த மூன்று தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. நாங்கள் எதையும் தொடுவதற்குள் ரிலேக்கள் என்னும் தானியங்கிக் காவல் கருவிகள், ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பீடர் தடங்களைத் தாமாகவே துண்டித்துக்கொண்டு போயின. எண் ஒரு கணம் நின்றது, பிறகு மெதுவாக ஏறியது. எல்லாரும் மூச்சு விட்டோம்.

அப்போது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தேன். அதிர்வெண் இவ்வளவு இறங்கினால் இந்தப் பீடர்கள், இன்னும் இறங்கினால் இந்தப் பீடர்கள் என்று நான்கு பத்தி. மருத்துவமனை, ரயில்வே, தலைமைச் செயலகம் இருக்கும் பீடர்கள் எதிலும் இல்லை. முதல் பத்தியில் இருந்தவை பெரும்பாலும் கிராமப் பீடர்கள். அந்தத் தாளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அதே பெயர்கள்தாம் முதல் பத்தியில். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மாற்றவேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தெற்கும் சேர்ந்தது, நாடு முழுதும் ஒரே தொகுப்பானது. நல்ல காரியம், இன்றும் சொல்வேன். ஆனால் தீவுக்குரல் கேட்ட கேள்வி ஒரு நாட்டுக்குள்ளேயே விடையில்லாமல் இருந்தது. தலைமடைக்குப் பாய்ந்தபிறகே கடைமடைக்கு என்ற பழைய வழக்கம் கம்பியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நாடுகள் சேரும்போது அந்தத் தாளை இருவரும் சேர்ந்து, பெயரைப் போட்டு, தேதியைப் போட்டு எழுதவேண்டும். நான் பார்த்த கூட்டறிக்கை எதிலும் அந்தத் தாள் இணைக்கப்பட்டதில்லை.

நகர்வாசி எழுதியது:

ஐயா, இதைப் படித்தபின் என் பாடத்திட்டத்தின் வரிசையையே மாற்றிவிட்டேன்.

நகரங்களின் பக்கம் நான் திரட்டியதைச் சொல்கிறேன். டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் இணைக்கும் ஒரெசுண்ட் பாலம் 2000 ஜூலையில் திறந்தது. கடலுக்கு மேல் பாலம், நடுவில் செயற்கைத் தீவு, பிறகு சுரங்கம். படங்களில் எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். எனக்கு வியப்பளித்தது அதில் ஓடும் ரயில். டென்மார்க்கில் ரயில்கள் வலப்பக்கம் ஓடும், ஸ்வீடனில் இடப்பக்கம். டென்மார்க்கில் மேல்கம்பியில் 25 கிலோவோல்ட், ஸ்வீடனில் 15 கிலோவோல்ட், அதிர்வெண்ணும் வேறு. சமிக்ஞை முறையும் வேறு. எந்த நாடும் தன் முறையைக் கைவிடவில்லை. இரண்டும் தெரிந்த ரயிலைச் செய்தார்கள். பயணி செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் மாறிவிடுகிறது. பராகுவே கதையைக் கேட்டதும் இதுதான் நினைவுக்கு வந்தது.

அதே பாலத்தில் 2016 ஜனவரியில் அடையாள அட்டைச் சோதனை வந்தது. ஒரு கரையில் வீடு, மறு கரையில் வேலை என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்குத் தினமும் பயண நேரம் நீண்டது. பாலத்தில் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. ஓர் ஆணை போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூர் – ஜொகூர் தண்ணீர் ஒப்பந்தத்தையும் எடுக்கப்போகிறேன். 1962இல் போட்டது, 2061 வரை. நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம், ஆயிரம் காலனுக்கு மூன்று மலேசிய சென். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஆயிரம் காலனுக்கு ஐம்பது சென் வீதம் ஜொகூருக்குத் திரும்பத் தருகிறது. விலை நியாயமா என்று இரு தரப்பும் பல ஆண்டுகளாகச் சண்டையிட்டாயிற்று. ஆனால் அந்தச் சண்டையால் குழாய் ஒருநாளும் நிற்கவில்லை. சண்டையும் குழாயும் ஒன்றாக ஓட முடியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

புதுப்பொறியாளன் எழுதியது:

மூன்று சென் என்பதைப் படித்து அதிர்ச்சியாக இருக்கிறது. 2061 வரை மாற்ற முடியாதா?

பத்திரக்கட்டு எழுதியது:

இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்ற விதி அதில் உண்டு. அதாவது 1987. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா, கைவிடப்பட்டதா என்பதே இரு நாடுகளுக்கும் இடையிலான வழக்கு. என் அனுபவத்தில் சொல்கிறேன்: நீண்டகால ஒப்பந்தத்தில் "மறுபரிசீலனை செய்யலாம்" என்று எழுதினால் போதாது. எந்த ஆண்டு, யார் அழைப்பது, அழைத்தும் மற்றவர் வராவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் வேண்டும். அவசரத்தில் விடுபடுவது மூன்றாவதுதான்.

ஆற்றோரம் எழுதியது:

நான் முன்பு எழுதியது கசப்பாக இருந்தது. நன்றாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெனீவா நகரத்தின் அடியில் ஒரு நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. அது சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் அடியில் பரவிக் கிடக்கிறது. 1960களிலும் 70களிலும் அளவுக்கு மீறி இறைத்ததில் நீர்மட்டம் பல மீட்டர் இறங்கியது. 1978இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தலைநகரங்கள் போடவில்லை. ஜெனீவா கன்டோனும் (சுவிஸ் மாநிலம்) எல்லைக்கு அப்பாலுள்ள பிரெஞ்சு மாவட்ட நிர்வாகமும் போட்டன. ஆர்வ் ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வடிகட்டி நிலத்துக்குள் இறக்கும் நிலையத்தை ஜெனீவா கட்டியது. ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர். பிரெஞ்சுப் பக்கம் ஆண்டுக்கு 50 லட்சம் கனமீட்டர் வரை எடுக்கலாம், அதில் முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் இல்லை. மேற்கொண்டு எடுப்பவர்கள் நீரிறக்கும் செலவில் பங்கு தரவேண்டும். முப்பது ஆண்டு முடிந்து 2008இல் புதுப்பித்தபோது பிரெஞ்சுப் பக்கம் கையெழுத்திட்டவை உள்ளூர்ச் சமூகங்களே.

இதில் என்னைத் தொட்டது கிணற்று மீட்டர்தான். எடுப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது எதிர்க்கரைக்காரருக்கும் தெரியும். லாவோஸில் அணையின் சரிவில் விரிசல் தெரிந்த நாள்களில், கீழே உள்ள ஊர்களுக்கு அதைத் தாமாக அறிய வழி இல்லை.

ரைன் ஆற்றிலும் இந்தப் பாடம் கசப்பாகத்தான் கற்கப்பட்டது. 1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே ஓர் இரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்தன. ஆறு சிவந்தது, விலாங்குமீன்கள் செத்து மிதந்தன. கரையோர நாடுகளின் ஆணையம் 1950இலிருந்தே இருந்தது, ஆனால் வேகம் வந்தது அந்தத் தீக்குப் பிறகுதான். மறு ஆண்டே ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். இலக்கு என்ன தெரியுமா? 2000க்குள் சால்மன் மீன் ஆற்றுக்குத் திரும்பவேண்டும். எந்த ஊர்க்காரரும் கரையில் நின்று சரிபார்க்கக்கூடிய இலக்கு.

தீவுக்குரல் எழுதியது:

மீனை இலக்காக வைத்தது அருமை. மன்னாரில் பறவைகளை அப்படி வைக்கலாமே? எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்பதோடு, அந்த ஆண்டு எத்தனை பறவைகள் வந்திறங்கின என்பதும் ஒரே பக்கத்தில் வெளியாகவேண்டும். இரு நாடும் கையெழுத்திடும் அட்டவணையில் அந்த எண்ணும் இருந்தால், கம்பிக்கு ஆதரவாகப் பேச எனக்கு வாய் வரும்.

நகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதல் வகுப்புக்கு ஒரு பயிற்சி தயார் செய்திருக்கிறேன். மாணவர்களை இரண்டு நாடுகளாகவும் நடுவில் ஒரு கடவு நாடாகவும் பிரிப்பேன். கையில் ஒரு வரைபடம், நூறு மெகாவாட், பன்னிரண்டு பீடர்களின் பெயர்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் எனக்குத் தரவேண்டியது ஐயா சொன்ன அந்த ஒரே தாள். நாற்பது மெகாவாட் குறைந்தால் எந்தப் பீடர், எந்த வரிசையில், யார் சொல்லி. கூட்டறிக்கை யாரும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஐயா, அந்தத் தாளின் வடிவம் எப்படி இருந்தது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். அதே வடிவில் அச்சிட்டுக் கொடுக்கிறேன்.

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

நான்கு பத்தி, அம்மா. ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அதிர்வெண், அதன்கீழ் துணை மின்நிலையத்தின் பெயர், பீடரின் பெயர், எத்தனை மெகாவாட். அவ்வளவே. நீங்கள் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக இந்தப் பீடர் எந்தத் தேதியில் துண்டிக்கப்பட்டது என்று ஒன்று. பட்டியலை அடுத்து எப்போது மாற்றி எழுதவேண்டும் என்று ஒன்று. எங்கள் தாளில் அவை இரண்டுக்கும் இடமே விடப்படவில்லை.